கை படாத துப்பாக்கி

"முப்பது வருஷத்துல ஒரு குண்டு போவல சார். எங்க யூனிட்டு பொம்ம கூட வருஷத்துக்கு ஒரு தடவ கொலுவுல நின்னு வேல பாக்குது. இது அதுகூட பாக்கல" என்றார் சக்கரபாணி.

மேஜை மேல் இரட்டைக் குழல் துப்பாக்கி எண்ணெய் மினுமினுப்போடு கிடந்தது. கம்மாபுரத்து நிலத்தில் காட்டுப்பன்றி விரட்ட அவருடைய அப்பா வாங்கியது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றாலே பன்றிகள் புரிந்துகொள்ளும் என்று நம்பியவர் அப்பா. பிறகு நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிற்று. லைசென்ஸ் மட்டும் மகன் பேருக்கு மாறி, துப்பாக்கி விருத்தாசலம் வீட்டு பீரோவுக்குள் போயிற்று.

இப்போது விற்றே ஆகவேண்டும். அவருடைய பீங்கான் பொம்மை யூனிட்டில் சூளையின் பர்னர் போய்விட்டது. பதினைந்து நாளில் புது பர்னர் மாட்டாவிட்டால் கொலு ஆர்டர் கைவிட்டுப் போகும். ஆர்டர் போனால் இந்த வருஷம் யூனிட்டையே இழுத்து மூடவேண்டியதுதான்.

வாங்க வந்திருந்த ஆனந்தராஜ் வேப்பூரில் மக்காச்சோளம் போடுகிறவர். அவரிடமும் லைசென்ஸ் உண்டு. அதைவிட அதிகமாகச் சந்தேகம் உண்டு.

"பைக்குன்னா மீட்டர் பாத்துடலாம். இதுக்கு மீட்டர் கெடையாதுங்களே" என்றார்.

"என் வார்த்ததாங்க மீட்டர்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. மொத குண்டு போயிட்டாலே வெல பாதிங்க. சுடாததுன்னா எழுவதாயிரம். சுட்டதுன்னா முப்பத்தஞ்சு."

எழுபதாயிரத்துக்குத்தான் பர்னர் வரும். முப்பத்தைந்தாயிரத்துக்கு அதன் குழாய் வரும். "பழமலைநாதர் மேல சத்தியமா சுடலீங்க" என்று கற்பூரம் இல்லாமலே கையில் அடித்தார் சக்கரபாணி.

ஆனந்தராஜ் துப்பாக்கியை மடித்துத் திறந்தார். குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். துணி கன்னங்கரேலென்று வந்தது.

"சூளப் புக சார்" என்றார் சக்கரபாணி அவசரமாக. "எங்க தெருவுல துணி காயப்போட்டாலே இப்படித்தான்."

"சூளப் புக குழலுக்குள்ள மட்டும் பூந்து ஒக்காருமா? வெளிய பளபளன்னு இருக்குதே." ஆனந்தராஜ் துணியை முகர்ந்தார். "வெடி மருந்துங்க. சுட்டுருக்காங்க. ரெண்டு குழல்லயும்."

விலை பாதியானது சக்கரபாணிக்கு முதல் அதிர்ச்சி. அது அடங்குவதற்குள் இரண்டாவது அதிர்ச்சி வந்தது. அவர் சுடவில்லை. அப்படியென்றால் சுட்டது யார்? யாரை?

பீரோ சாவி ஒன்றே ஒன்று. அது அவர் மனைவி சொர்ணாம்பாளின் இடுப்பில் இருக்கிறது.

மடமடவென்று எல்லாம் புரிவது போலிருந்தது. சித்திரையில் ஸ்கூட்டர் டயர் பட்டென்று வெடித்ததே, அது முள் இல்லை. தலைக்கு மேல் ஓடு உடைந்து விழுந்ததே, அது குரங்கும் இல்லை. போன மாதம் குடையில் ஒரு ஓட்டை இருந்தது. எலி என்று நினைத்து எலிப்பொறி வேறு வாங்கினார், பைத்தியக்காரர்.

காபி கொண்டுவந்த சொர்ணாம்பாளைப் பார்த்து, "எத்தன தடவ சுட்ட?" என்றார்.

"என்னது?"

"துப்பாக்கில. என்னய."

சொர்ணாம்பாள் டம்ளரை நிதானமாக வைத்தாள். "நான் சுட்டுருந்தா நீங்க இப்ப ஒக்காந்து பேரம் பேசிகிட்டு இருப்பீங்களா?"

அதில் இருந்த நியாயம் ஆனந்தராஜுக்கே பிடித்திருந்தது. தலையாட்டினார்.

"அப்ப ஒன் தம்பி கலியபெருமாள். ஒரு மாசம் இங்கதான தின்னுகிட்டு கெடந்தான். யூனிட்ட அவன் பேருக்கு எழுதித் தரச் சொன்னது யாரு?"

"எந்தம்பிய சொன்னீங்கன்னா நல்லா இருக்காது!" சாவிக்கொத்து குலுங்க அவள் நிமிர்ந்தாள். "அவன் ஊசிவெடிக்கே காதப் பொத்திக்கிறவன். போலீஸக் கூப்புடுங்க. வந்து ரேக எடுக்கட்டும். எங்க ரெண்டு பேரு ரேகயும் இல்லன்னா அப்பறம் பேசிக்கிறேன் ஒங்கள!"

"கூப்புடுங்க" என்றார் ஆனந்தராஜும். "கொலகேஸ்ல இருக்கற துப்பாக்கின்னா எனக்கு முப்பத்தஞ்சுக்கும் வேணாங்க."

பர்னர், குழாய் இரண்டும் சக்கரபாணியின் கண்ணெதிரே பறந்தன. உயிராவது மிஞ்சட்டும் என்று போனை எடுத்தார். ஏட்டு கோவிந்தராசுவின் நம்பர் இருந்தது. போன தேர்தலுக்குச் சட்டப்படி துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது ரசீதில் எழுதிக் கொடுத்தது. வீட்டில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏட்டய்யா, நான் பொம்ம யூனிட்டு சக்கரபாணி. துப்பாக்கிய விக்கலாம்னு எடுத்தேன். யாரோ எனக்குத் தெரியாம சுட்டுருக்காங்க. குழலெல்லாம் கரி. எனக்கு பயமா இருக்குதுங்க."

சொர்ணாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆனந்தராஜ் காபியைக் கூடத் தொடவில்லை.

"ஐயையோ மொதலாளி, அத மட்டும் வித்துப்புடாதீங்க" என்று பதறியது ஏட்டின் குரல். "எலெக்ஷனுக்கு எங்ககிட்ட ஒப்படைச்ச பதினாலு துப்பாக்கியிலயும் சுட்டுப் பாத்தோம், காட்டுப்பன்னி விழுந்தது ஒங்களுதுல மட்டுந்தான், அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வேற வருதுங்களே!"