சும்மா கிடந்த பள்ளம்

கரட்டு மேட்டிலிருந்து குளம்வரைக்கும் ஒரு பள்ளம் நீளமாகக் கிடந்தது. கோடை முழுக்க அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பக்கத்து வளையில் குடியிருந்த பெருச்சாளிக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடக்கிறதே! வளையில் தோண்டிய மண்ணையெல்லாம் பள்ளத்தில் தள்ளி மேடாக்கி, அதன்மேல் தானியம் சேர்க்க ஓர் அறையும் கட்டிக்கொண்டது.

அதைக் கண்டு, மேலண்டை வீட்டு நண்டு அரக்கப்பரக்க ஓடி வந்தது. "அண்ணே, அது தண்ணி போற வழி. அடைச்சுட்டீங்களே! எல்லாரும் ஒரு தடவை உக்காந்து பேசிரலாம்ணே."

"எங்கேப்பா இருக்கு தண்ணி? நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், எடம் சும்மாதான் கிடக்கு. மழை வரட்டும், அப்ப உக்காந்து பேசலாம்."

"அப்ப உக்கார எடம் இருக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டு, நண்டு அன்றைக்கே பாறைக்குக் குடிபோனது.

ஐப்பசியில் மழை கொட்டியது. புது அறை கரைந்துவிடக்கூடாதே என்று பெருச்சாளி அதன்மேல் ஏறிக் காவல் நின்றது. பள்ளத்தில் இறங்கி வந்த வெள்ளம் அந்த மண்மேட்டில் முட்டி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு பெருச்சாளியின் பழைய வளைக்குள் நுழைந்தது.

"ஏய்! யாரைக் கேட்டு என் வீட்டுக்குள்ள போறே?" என்று பெருச்சாளி மேலிருந்து கத்தியது.

தண்ணீர் ஓர் அறை விடாமல் நிறைந்துவிட்டு, வாசலுக்கு வந்து நிதானமாகச் சொன்னது: "கோவிச்சுக்காதீங்க. ஆள் யாரும் இல்லை, வீடு சும்மாதானே கிடந்துச்சு."