கத்தி படாத ஐந்து ஏக்கர்

"இந்த இடத்துல கத்தி பட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார் ஆய்வாளர் அம்மா.

தோட்டக்காரர் தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கினார். நீர்த்தேக்க அலுவலகத்தின் பின்வாசலிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் ஐந்து ஏக்கர். அதை வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பதுதான் அவருடைய வேலை. இப்போது அங்கே ஆள் உயரத்துக்குக் கோரையும் புதரும் மண்டிக் கிடந்தன.

ஆறு வருடமாக மாதம் தவறாமல் வேலைக் குறிப்பேட்டில் 'புல் வெட்டியாயிற்று' என்று எழுதி வந்தவர் அவர். ஜன்னல் வழியே ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போட்டு வந்தவர் பொறியாளர். அந்தப் பொறியாளர்தான் இப்போது பக்கத்தில் நின்று அவரை முறைத்துக்கொண்டிருந்தார். மாட்டினால் நீ மட்டும் மாட்டு என்றது அந்தப் பார்வை.

"ஆறு வருஷம்ங்கம்மா," என்றார் தோட்டக்காரர். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆய்வாளர் அம்மா குறிப்பு நோட்டோடு முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டார். காலையில் இறங்கியவர் மதியம் வரை வெளியே வரவில்லை. புதருக்குள்ளிருந்து "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று எண்ணுகிற குரல் மட்டும் வந்தது. வெட்டாமல் விட்ட செடிக்கு ஒன்றாகக் குற்றம் எழுதுகிறாரோ என்று தோட்டக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. மூத்த மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இந்த வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது?

நடுவில் ஒரு முறை அந்த அம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டார். இங்கிருந்தே எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, சிமெண்டுப் பாதையிலேயே ஆணி அடித்தாற்போல் நின்றுகொண்டார் தோட்டக்காரர்.

கடைசியில் வெளியே வந்தவருக்குத் தலையெல்லாம் சருகு, கன்னமெல்லாம் சேறு. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. பூமியில் நூற்றுக்கு முப்பது பங்கு நிலத்தையும் கடலையும் மற்ற உயிர்களுக்காகக் காப்பாற்றுவது என்று உலக நாடுகள் கூடி முடிவு செய்திருப்பதையும், அதற்கு இடம் தேடித் தாம் ஊர் ஊராக அலைவதையும் பொறியாளருக்கு விளக்கினார். மலையேறித் தேடியும் கிடைக்காதது இங்கே இருக்கிறதாம். ஏழு கொக்குக் கூடு, உடும்பு, நீர்க்கோழி, நாற்பத்திரண்டு வகைப் பட்டாம்பூச்சி. அதோடு, பூண்டோடு அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு சின்னப் பச்சைத் தவளை, நூற்றுக்கணக்கில்.

தோட்டக்காரருக்குக் கை கால் நடுங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

"பாருங்க, மனுஷர் எப்படி நெகிழ்ந்து போயிட்டார்," என்றார் ஆய்வாளர் அம்மா. "ஆறு வருஷமா உள்ள ஒரு அடிகூட வைக்காம எப்படிங்க இருந்தீங்க?"

"கால் வைக்க மனசு வரலைங்கம்மா."

அந்த அம்மா இதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே கத்தியே படக்கூடாது என்று ஆரம்பத்திலேயே உத்தரவு போட்டது தாம்தான் என்றார். அதை அந்த அம்மா எழுதிக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் நாள் அலுவலகத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அந்த ஐந்து ஏக்கரும் இனி பாதுகாக்கப்பட்ட நிலம், ஓய்வு பெறும் வரை அதற்குக் காவலர் நம் தோட்டக்காரர்தான் என்று மேடையில் வாசித்தார்கள். அந்த உயிர்களை அவர் ஒரு நாளும் பிரியக் கூடாது என்பதற்காக, கோரைக்கு நடுவிலேயே அவருக்குக் குடும்பத்தோடு தங்க ஒரு சின்ன வீடும் உண்டாம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தோட்டக்காரர் நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். பெருமை தாங்காமல் திணறுகிறார் என்று புகைப்படம் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் உத்தரவை மனைவியிடம் நீட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் அதை ஒரு முறைக்கு இரு முறை படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க வெகுநேரம் சிரித்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, தவளை ஒண்ணு தோள்ல குதிச்சுதுன்னு செருப்பைக்கூட விட்டுட்டு அலறி ஓடி வந்தேன், அதுலேர்ந்து பயந்துக்கிட்டு அந்தப் பக்கமே போறதில்லேன்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க?"