மூன்றாம் ஓலை

வில்பிரட் மைக்கைப் பிடித்தாலே அசரியாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

இன்று அடைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய்க் குத்தியது.

காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்துவிட்டதாம். அதற்குத் தேவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். ஆராதனை நடத்திய ஐயர் மைக்கைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

வில்பிரட் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவர். சபையில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அவர் குரல் தெரியும்.

அவருடைய மகள் பிளஸ்ஸிக்கும் அசரியாவின் மகன் ஜெர்சனுக்கும் கல்யாணம். இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்று மூன்றாவது. இருவர் பெயரையும் சபைக்கு முன் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஐயர் கேட்பார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அத்தோடு கல்யாணத்துக்குத் தடையில்லை.

அது முடிந்தால் போதும் என்றுதான் அசரியாவும் உட்கார்ந்திருந்தார்.

காலையில் பைக்கை எடுக்கும்போதுதான் ஜெர்சன் வாயைத் திறந்தான். சிறுசேரியில் சாஃப்ட்வேர் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வேலை, ஒரு சீட்டாட்டக் கம்பெனியில் போனை எடுத்துப் பதில் சொல்கிற வேலையாம். சட்டம் வந்த கையோடு கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் தினமும் குளித்து, அயர்ன் பண்ணின சட்டையைப் போட்டு, எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறது அந்த மண்ணாந்தை.

வில்பிரட்டின் காதுக்குப் போனால் பெண் கிடையாது. பிளஸ்ஸி இல்லையென்றால் பையன் ஆளே இல்லை. அந்த அளவுக்கு அசரியாவுக்கும் புத்தி உண்டு.

வில்பிரட் மைக்கிலேயே உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சீனாவில் பிள்ளைகள் இவ்வளவு நேரம்தான் ஆடலாம் என்று அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறதாம். ஜெர்மனியில் ஒரு காலத்தில் சண்டை விளையாட்டில் ரத்தம் சிவப்பாகத் தெரியக் கூடாதென்று பச்சையாக்கி விற்றார்களாம்.

பச்சையாக்கினால் செத்தவன் எழுந்து உட்கார்ந்துவிடுவானா? இதற்கும் படித்தவர்கள் தலையாட்டுகிறார்கள்.

அசரியா ரயில்வே ஷெட்டில் கலாசியாக எடுபிடி வேலை பார்த்தவர். அப்போது சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் நாலு பேர் சீட்டைப் பிரித்தால் போலீஸ்காரன் வந்து சட்டையைப் பிடிப்பான். பிடுங்கிய சீட்டுக்கட்டை வைத்து ஸ்டேஷனில் அவன் ஆடுவான். அப்புறம் அதே சீட்டு போனுக்குள் போனது. நடிகன் வந்து ஆடு ஆடு என்றான். அரசாங்கம் வரி வாங்கித் தின்றது. வயிறு முட்டத் தின்றுவிட்டு இப்போது பாவம் என்கிறது. இதில் தேவன் எங்கே வந்தார்?

"அந்தக் கம்பெனிங்கள்ல சம்பளம் வாங்கினவன் கையில இருக்கிறது இரத்தக்கிரயம்," என்றார் வில்பிரட். "அவன் வீட்டுல கை நனைக்கிறதும் பாவம்."

சபை ஆமென் என்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்சன் தரையைப் பார்த்தான்.

வில்பிரட் முன்வரிசையில் போய் உட்கார, ஐயர் ஓலையை வாசித்தார். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்.

அசரியா எழுந்துவிட்டார்.

யோசித்து எழவில்லை. இந்த ஆளிடம் பெண்ணை எடுத்துவிட்டு, என்றைக்குத் தெரியுமோ என்று ஆயுசுக்கும் பயந்து சாவதைவிட, இங்கேயே போட்டு உடைத்துவிட்டுப் போகலாம் என்று வந்துவிட்டது. மொத்த சபையும் திரும்பியது.

ஜெர்சன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அசரியா குனிந்தார். உதடு அசையாமல் பேசினான்.

"உக்காருப்பா. கம்பெனிய மூடுற அன்னிக்கி பிளஸ்ஸி அப்பா எங்களுக்கு போன் பண்ணாரு. குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. ஒரே ஒரு ஆட்டம் விடுப்பா, போனதை எடுத்துட்டு நிறுத்திடறேன்னு அழுதாரு. சட்டம் சார், முடியாதுன்னேன். உன் பேர் என்ன, மேல சொல்றேன்னு அதட்டுனாரு. பேரைச் சொன்னேன். அப்படியே வச்சிட்டாரு."

அசரியா மெல்ல நிமிர்ந்தார்.

முன்வரிசையில் வில்பிரட் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

என்ன அசரியா, சொல்லுங்கள் என்றார் ஐயர்.

அசரியா அவசரப்படவில்லை. தொண்டையைச் செருமினார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மகனின் கை வேட்டியை விடவில்லை. இத்தனை பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

"ஒண்ணியும் இல்ல ஐயரே. இந்தப் பக்கம் ஃபேன் ஓடல."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அசரியா உட்கார்ந்தார்.

ஐயர் மேலே பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வில்பிரட் எழுந்து ஓடினார். அந்த வேலைக்கென்றே கோவில்பிள்ளை ஒருவர் வாசலில் நிற்க, தலைமையாசிரியர் சுவரோரம் போய் சுவிட்சுகளைத் தடவிக்கொண்டு நின்றார்.

அசரியாவின் தலைக்கு மேலே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப காத்து வருதுங்களா, சம்பந்தி?" என்றார் வில்பிரட், அங்கிருந்தே.