மணி அடித்த பிறகு

"சனிக்கிழமை பேரணிக்குப் பத்து மணிக்கு பஸ். கொடி நாங்களே தர்றோம். விசுவாசி ஒருத்தரும் வீட்ல உக்காந்திருக்கக் கூடாது."

சர்ச் வாசலிலேயே பியோ மூப்பர் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். பொக்-ஹீ கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"எனக்கு வேண்டாம், மூப்பரய்யா."

"வேண்டாம்னுதான் சொல்வீங்க. உங்க பையன் கி-தே எதிர்ப்பக்கப் போராட்டத்துல நிக்கிறான்ல, கலர் விளக்கைத் தூக்கிக்கிட்டு?"

"நிக்கிறான். அதுக்கென்ன?"

"தேசத்தை வித்துட்டு வந்து நிப்பான். அப்பவும் அதுக்கென்னன்னு கேளுங்க."

பொக்-ஹீக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் மல்-சுன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் இருபத்திரண்டு வருடமாகப் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடுகிறவர்கள்.

"அக்கா, முடிவு பண்ணிட்டேன். சபை மாற்றக் கடிதம் வேணும்னு பாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு. இன்னைக்கு வாங்கிட்டுப் போயிடுவேன்."

மல்-சுன் பாட்டுப் புத்தகத்தை மூடினாள். "பைத்தியமா உனக்கு? உன் வீட்டுக்காரர் செத்தப்ப மூணு நாள் ஆஸ்பத்திரி துக்கக் கூடத்துல நின்னு, துக்கம் கேக்க வந்தவங்களுக்கெல்லாம் சூப் ஊத்தினது இந்தச் சபைதான்."

"மறக்கல. ஆனா மூப்பரும் நானும் படிக்கிறது ஒரே வேதம்தானே? அதுல எந்தப் பக்கத்துல அவருக்குக் கொடி தெரியுது?"

"போற இடத்துல மட்டும் இப்படி ஒரு மூப்பர் இருக்க மாட்டாரா?"

"இருக்கட்டும். அன்பு இல்லாத இடத்துல என் ஜெபம் மேல ஏறல, அக்கா."

அவள் கல்யாணம், பிள்ளைக்கு ஞானஸ்நானம், கணவனின் அடக்க ஜெபம் எல்லாமே இந்தக் கூரையின் கீழ்தான். ஆனாலும் எடுத்த முடிவு எடுத்ததுதான்.

பிரசங்கம் முடிந்தது. பாஸ்டர் கையை உயர்த்தினார்.

"நாட்டுக்காக எல்லாரும் வாய்விட்டு ஜெபிப்போம்."

"ஆண்டவரே! ஆண்டவரே! ஆண்டவரே!" என்று சபை மூன்று முறை கூப்பிட்டது. அதற்குப் பிறகு அவரவர் ஜெபம். இருநூறு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் என்ன கேட்கிறார்கள் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். பொக்-ஹீயும் முஷ்டியை மடக்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். இரண்டு வரிசை பின்னாலிருந்து பியோ மூப்பரின் கரகரத்த குரல் வந்துகொண்டிருந்தது.

பாஸ்டர் மேடை மணியைத் தட்டினார். சபை சட்டென்று அடங்கியது.

ஒரு குரல் மட்டும் அடங்கவில்லை.

"போச்சு," என்று முணுமுணுத்தாள் மல்-சுன். "யாரைச் சபிக்கிறாரோ, இன்னைக்கு எல்லாருக்கும் கேக்கப் போகுது."

பாஸ்டர் மறுபடி மணியைத் தட்டினார். பியோ மூப்பர் கண்ணை இறுக மூடி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"...அவன் நினைப்பு தப்புதான், ஆண்டவரே. அதை நீரும் நானும் அப்புறம் பாத்துக்கலாம். ஆனா அந்தக் கி-தே போன வாரம் தலைக்குத் தொப்பிகூட இல்லாம இருமிக்கிட்டே நின்னான். நடுவுல போலீஸ் வேலி. என்னால அந்தப் பக்கம் போக முடியல, நீர் போம். அப்பன் இல்லாத பிள்ளை. தள்ளுமுள்ளு வந்தா எங்க ஆளுங்க கை அவன் மேல படாம பாத்துக்கும். ஒருத்தன் கையும் படக் கூடாது. அவங்கம்மா என்னை முறைச்சா முறைக்கட்டும்..."

பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார். மூப்பர் கண்ணைத் திறந்தார். இருநூறு பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் காதைத் தடவினார்.

"மணி அடிச்சாச்சா? காது மிஷின்ல பேட்டரி போச்சு போலிருக்கு."

சிலர் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. பொக்-ஹீ நிமிரவே இல்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

கீழ்த்தளத்தில் மதியச் சாப்பாட்டு வரிசை. கறி போட்ட முள்ளங்கி சூப்புக்குக் கிண்ணத்தை நீட்டிய பியோ மூப்பர், கரண்டியோடு நின்றது பொக்-ஹீ என்று பார்த்ததும் விறைத்துக்கொண்டார்.

"எல்லாம் கேட்டுச்சாக்கும். அதுக்காக உங்க பையன் பண்றது சரின்னு ஆயிடாது."

"நீங்க பண்றதும் சரின்னு ஆயிடாது, மூப்பரய்யா."

"என்ன சொன்னீங்க?"

பொக்-ஹீ குனிந்து அவர் காதுக்குள்ளேயே கத்தினாள். "நீங்க பண்றதும் தப்புன்னு சொன்னேன்!"

"ம், இப்பக் கேட்டுச்சு." அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "கறி ரெண்டு துண்டு சேத்துப் போடுங்க."

அவள் நான்கு துண்டு போட்டாள்.

அவருக்கு அடுத்து நின்றவர் பாஸ்டர். கையில் ஒரு கவர்.

"நீங்க கேட்ட கடிதம். கையெழுத்துப் போட்டாச்சு. ஆனாலும் இன்னொரு தடவை யோசிங்கம்மா."

"யோசிச்சாச்சு, பாஸ்டர். கிழிச்சுப் போட்டுடுங்க."

"என்ன திடீர்னு?"

"ஜெபத்துக்குப் பதில் வந்துடுச்சு."

"நல்லது. என்னன்னு ஜெபம் பண்ணினீங்க?"

பொக்-ஹீ கரண்டியைக் கீழே வைத்தாள். அன்பு இல்லாத இடம் என்று சபைக்குள் சொன்ன பொய்க்குச் சபைக்குள்ளேயே கணக்குத் தீர்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

"அன்பு இல்லாத சபைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, மூணு மாசமா நான் கத்தினது ஒண்ணே ஒண்ணுதான் பாஸ்டர், 'இந்த மனுசன் வாயை அடைச்சுப் போடும்'னு. ஆண்டவர் அவர் காதை அடைச்சு, என் வாயை அடைச்சுட்டார்."