ராஜபார்ட் கோட்டில் ஒரு ஒட்டு

"அந்த ஒட்டுல மட்டும் கத்திரி வைக்காத, தம்பி."

தங்கத்தாய் எழுந்து வந்து அங்கியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். தையற்காரர் தளவாய் கத்திரியைக் கீழே வைத்தார்.

தாராவியில் அவருடைய கடை மேஜை முழுவதும் அந்தப் பச்சை வெல்வெட் அங்கிதான் கிடந்தது. அறுபது வருஷத்துக்கு முன், விக்டோரியா மகாராணி உயிரோடு இருந்த காலத்தில், திருநெல்வேலிச் சீமை மேடைகளில் ராஜா வேஷத்துக்குப் போட்டது. உடம்பெல்லாம் பொன்வண்டுச் சிறகுகள். பாதி உதிர்ந்திருந்தன. புதுச் சிறகுகளை ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்தி, உடையாமல் ஊசி ஏற்றி, மூன்று நாளாகத் தளவாய் தைத்து முடித்திருந்தார். மிச்சம் இருந்தது, இடுப்பின் இரண்டு பக்கமும் எவரோ வைத்துத் தைத்திருந்த வெறும் பருத்தித் துணி.

"எடுத்துட்டாத்தானேம்மா அசல் ரூபம் வரும்," என்றார் நாணு. மாதுங்காவில் மறுநாள் தொடங்கும் நாடகக் கண்காட்சியின் செயலாளர் அவர். "வாசல்ல முதல் ஷோகேஸே இதுதான். ஒட்டோட வச்சா பாக்கறவா சிரிப்பா."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாக. ஒட்டைப் பிரிச்சீகன்னா கோட்டை இப்பமே குர்லா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்."

நாணு சட்டென்று பேனாவை எடுத்தார். "சரி சரி, அட்டையில எழுதணும். போட்டுண்டவர் பேர் என்ன சொன்னேள்?"

"ராஜபார்ட் இசக்கி. கேட்டுப் பாருங்க, அந்தக் காலத்து ஆளுக சொல்லுவாக."

'திரு. இசக்கி' என்று அழகாக எழுதிக்கொண்டார்.

"அவுக மீசையை முறுக்கிட்டு வந்து நின்னா, முன்வரிசைப் பொம்பளைக தலையைக் குனிஞ்சிக்கிடுவாகளாம். ஒருத்தி, கட்டினா இவுகளைத்தான் கட்டுவேன்னு கம்பெனி வாசல்ல வந்து உக்காந்துட்டாளாம்."

"அச்சா. பொறவு?" என்றார் தளவாய்.

"பொறவென்ன, அவுக அண்ணன் வந்து புத்தி சொல்லி அனுப்பி வச்சாராம்."

தளவாய் ஒட்டை விரலால் அளந்தார். "பக்கத்துக்கு ஆறு விரக்கடை. ராஜாவுக்குச் சரியான தொப்பைதான் யக்கா. ஊருக்கு ஊரு விருந்து போல."

"அந்தச் சமயத்துல சோத்தைக் கண்டாலே ஆகாதாம் அவுகளுக்கு."

"சாதம் போகலேன்னா வேற ஏதாவது உள்ளே போயிருக்கும்," என்று நாணு கட்டைவிரலை வாய்க்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

தங்கத்தாய் முறைத்தாள். விரல் இறங்கிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. ஒரு முழம் பருத்தித் துணி. அதுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?"

"எங்க வீட்டுக்காரர் தவறி ஆறு மாசம் ஆச்சு ஐயா. அவரு நினைப்புக்கு எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான்."

"அடடா," என்று நாணு பேனாவை மூடினார். "இசக்கி போயிட்டாரா? நீங்க சொல்லவே இல்லையே."

"இசக்கியா? அவுக என் மாமியாருல்லா," என்றாள் தங்கத்தாய். "எட்டு மாசம் வரைக்கும் ராஜா வேசம் கட்டினாக. எங்க வீட்டுக்காரர் முதமுதல்ல மேடை ஏறினது இந்த ஒட்டுக்குள்ளதான்."