சேனைக் கோப்பை

ஆற்று வெள்ளத்தில் பதினோரு பேரை நீந்திக் கரைசேர்த்ததற்காகக் கொள்ளுத்தாத்தா கொம்பையாவுக்குக் கலெக்டர் கொடுத்த வெள்ளிக் கோப்பை என்பார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்கும் சேனையை எங்கள் வீட்டில் அதிலிருந்துதான் வைப்போம். அவர் பெயரைக் குழந்தையின் காதில் சொன்னால் அவருடைய தைரியம் வருமாம். விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அதில் வெட்டியிருந்த எழுத்துகள் எப்போதோ மறைந்துவிட்டன. தம்பிக்கு மகள் பிறந்தாள். சேனை வைக்கவேண்டிய அத்தை நான். கோப்பையைத் துடைப்பதற்காக வாயருகே வைத்து ஊதினேன். மூச்சு படர்ந்த இடத்தில் எழுத்துகள் மங்கலாக எழுந்தன. ‘பதினோரு பேரைக் காப்பாற்றி உயிர்நீத்த பேச்சிமுத்து நினைவாக.’ துடைத்தேன். மறுபடி ஊதினேன். பேச்சிமுத்துதான். யார் அது? கொள்ளுத்தாத்தா எண்பது வயதுவரை இருந்தவர். குளத்தில் கால் நனைக்கக்கூட நடுங்குவாராம். எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. மூன்றாம் முறையும் ஊதினேன். உள்ளேயிருந்து தம்பி கத்தினான்: “எவ்வளவு நேரம்க்கா? பிள்ள அழுதுகிட்டே இருக்குல்லா!” அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி எடுத்துப் போனேன். குழந்தை கைகால்களை உதறிக்கொண்டிருந்தது, எதையோ நீந்திக் கடப்பதுபோல. ஒரு சொட்டை அதன் நாக்கில் வைத்தேன். அழுகை சட்டென்று நின்றது. காதருகே குனிந்தேன். கையிலிருந்த கோப்பையில் என் மூச்சு பட்டு அந்தப் பெயர் மறுபடி வந்தது. “பேரச் சொல்லுக்கா” என்றான் தம்பி.