போடாத ஊசி

"என் மாட்டுக்கு ஊசி போட்டியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

மாட்டாஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் பார்க்க, தடுப்பூசி போடும் வேந்தனைச் சின்னப்பா மறித்து நின்றார்.

அவருடைய பசு ஏழு மாசச் சினையில் கரு கலைந்து கன்றை வீசிவிட்டது. காரணம் ஒரு கிருமி என்று ரத்தப் பரிசோதனை முடிவு இன்றைக்குத்தான் வந்தது.

டாக்டர் ஷில்பா நிதானமாகத்தான் சொல்லியிருந்தார்.

"வயித்துல இருக்கிற கன்னு பாதி காளையோடது. அத வெளி ஆளுன்னு தள்ளிடாம இருக்க, தாயோட எதிர்ப்பு சக்தி கர்ப்பப்பையில கொஞ்சம் அடங்கி நிக்கும். இந்தக் கிருமி அங்கதான் போய் உக்காந்துக்குது. இந்தப் பசு கன்னா இருக்கும்போதே, எட்டு மாசத்துக்குள்ள ஒரு ஊசி போட்டிருந்தா உடம்பு தயாரா இருந்திருக்கும். அப்போ ஊசி போட்ட லிஸ்ட்ல உங்க மாடு இல்லியே?"

சின்னப்பா குடியிருக்கும் பாலகாட் பக்கம் அப்போது ஊசி போட்டது வேந்தன்.

"சொல்லுடா, இன்னா ஆச்சு?"

வேந்தன் தலை குனிந்தான். "வுட்டுட்டேண்ணா. என் தப்புதான்."

சின்னப்பா விடவில்லை. மனைவி யசோதா கைக்குழந்தை மாதிரி வளர்த்த மாடு அது. அவள் இறந்துபோனபின் அவருக்கு வீட்டில் இருந்த ஒரே துணை. புகார் எழுதிக் கொடுத்தார். மறுவாரமே வேந்தனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மகள் வீட்டுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு சரோஜம்மா, திரும்பி வந்ததும் விசாரிக்க வந்தாள்.

"வேந்தனையா நிறுத்திட்டாங்க? மாடு கன்னா இருக்கும்போது அவன் மூணு தபா வந்தானேண்ணா. அப்போ நீங்க காலைல ரயிலேறி பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போயினு இருந்தீங்க. ஊசி போட்டா கன்னுக்குக் காய்ச்சல் வரும்னு யசோதாதான் பயந்துச்சு. அவன் வர்றது தெரிஞ்சா, கன்ன எங்க வூட்டுப் பின்னாடி கட்டிடும். கடைசி தபா ரொம்ப கெஞ்சினான். யசோதா கதவ சாத்திக்கிச்சு."

சின்னப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வேந்தன் வீட்டுக்கு நடந்தார்.

அவன் மனைவி நிவேதா கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அவரு இல்லிங்க. பெங்களூருல மூட்ட தூக்கற வேல. வர ராத்திரி ஆவும்."

சின்னப்பா வாசலிலேயே நின்று கேட்டார். "யசோதாதான் வேணாம்னுச்சுன்னு அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?"

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றாள் நிவேதா. "'சம்சாரம் போய் ஆறு மாசம்தான் ஆவுது. அவரு கோவத்துக்கு ஒரு ஆள் வேணும். அது அந்த அக்காவா இருக்க வேணாம்'ன்னாரு."